பழைய சீன, மங்கோலிய விரிப்புகளை அடையாளம் காண்பது எப்படி: பின்பக்கத்தில் தொடங்கி சின்னங்கள் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய சீன விரிப்புகளைப் புதிதாகப் பார்க்க வருபவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். விரித்ததும் கண் நேராக டிராகனிடமோ தாமரையிடமோ போய்விடும். அடுத்து கைப்பேசியில் அதே டிராகனைத் தேடி, ஏதாவது அருங்காட்சியகப் படத்தைக் கண்டுபிடித்து, “அரண்மனை விரிப்பு, 18ஆம் நூற்றாண்டு” என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

சின்னங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுக்கப்பட்டவை. வடமேற்குச் சீனாவின் நிங்சியாவில் பௌத்த மடத்துக்கு நெய்த அதே தாமரையைப் பிறகு பெய்ஜிங்குக்குப் பக்கத்துத் துறைமுக நகரான தியான்ஜினில் ஏற்றுமதிக்கு நெய்தார்கள், இப்போதும் நெய்கிறார்கள். நெசவு முறையும், நூலும், எந்த இடத்தில் போடுவதற்காக அளந்து நெய்தார்கள் என்பதும் அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை. அதனால் அலங்காரத்தைக் கடைசிப் படிகளில்தான் தொட வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

நம் நெசவுச் சொற்களையே பயன்படுத்துகிறேன். நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை, சுற்றி வரும் பட்டை கரை, நெசவு தொடங்கும் முனையும் முடியும் முனையும் தலைப்பு. முடிச்சிலிருந்து மேலே நிற்கும் கம்பளியை ‘நுனி’ என்று சொல்கிறேன்.

1. முன்னாடியே எடுத்து வைக்க வேண்டியவை

அளவு நாடா, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், வெள்ளைப் பருத்தித் துணி, கொஞ்சம் தண்ணீர், நோட்டுப் புத்தகம். இவ்வளவு போதும். தரையில் ஒரு வெள்ளை வேட்டியையோ போர்வையையோ முதலில் விரித்துவிடுங்கள். விரிப்பிலிருந்து பூச்சிக் கூடும் முறிந்த நூலும் உதிர்ந்தால் அதில்தான் கண்ணில் படும்.

பகல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். மஞ்சள் விளக்கொளியில் பழைய பாதாமி (ஏப்ரிகாட் பழ) நிறத்தையும் புதிய ஆரஞ்சையும் பிரித்துப் பார்க்க முடியாது.

பெரிய விரிப்பைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். பழைய பருத்திப் பாவு காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கலாம். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் படக்கென்று கிழியும்.

படங்களை மட்டும் பார்த்து வாங்குகிறீர்கள் என்றால் விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்: முழுப் பின்பக்கம், அளவுகோல் வைத்து நெருக்கமாக எடுத்த பின்பக்கம், இரண்டு தலைப்புகள், இரண்டு ஓரங்கள், நுனியை விரலால் பிளந்து அடி தெரிகிற மாதிரி ஒன்று. பின்பக்கப் படம் தர மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். முன்பக்கத்தை மட்டும் வைத்து மேலே போவதில் பயனில்லை.

2. முதலில் புரட்டிப் போடுங்கள்

லென்ஸை வைத்துப் பாவு என்ன நூல் என்று பாருங்கள். 18, 19ஆம் நூற்றாண்டு நிங்சியா விரிப்புகளில் பாவும் ஊடையும் பொதுவாகப் பருத்தி. கையால் நூற்றதால் தடிமன் ஒரே சீராக இருக்காது. பாவு கம்பளியாக இருந்தால் திபெத், சீனாவின் மேற்குக் கோடியில் உள்ள சின்ஜியாங் இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாவு வெள்ளை வெளேரென்று, இயந்திரத்தில் இழுத்த மாதிரி சீராக இருந்தால் 20ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் போகத் தயங்குங்கள்.

அடுத்தது முடிச்சு. சீன விரிப்புகளில் பாவு நூல்கள் பெரும்பாலும் ஒரே தளத்தில் இருக்கும். ஒரு முடிச்சு இரண்டு பாவு நூல்களைப் பிடிப்பதால் பின்பக்கத்தில் அது இரண்டு புடைப்பாகத் தெரியும். புதியவர்கள் புடைப்புகளை எண்ணி, இருப்பதைப்போல் இரண்டு மடங்கு முடிச்சு என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு நிறம் முடிந்து இன்னொரு நிறம் தொடங்கும் இடத்தில் எண்ணுங்கள், இரண்டு புடைப்பு ஒரு முடிச்சு என்பது அங்கே தெளிவாகத் தெரியும். அகலத்தில் ஒரு அங்குலம், நீளத்தில் ஒரு அங்குலம் எண்ணிப் பெருக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தாமல் வேறு வேறு இடங்களிலும் எண்ணுங்கள், கைநெசவு இடத்துக்கு இடம் மாறும்.

பழைய நிங்சியா விரிப்பில் சதுர அங்குலத்துக்கு முப்பதிலிருந்து அறுபது முடிச்சுக்குள் வந்தால் அது இயல்பு. “முடிச்சு குறைவு, தரம் மட்டம்” என்று பாரசீக விரிப்புகளைப் பார்த்துப் பழகியவர்கள் தள்ளிவிடுவார்கள். அது தவறான அளவுகோல். மென்மையான கம்பளி, விட்டுத் தெரியும் வெற்றுப் பரப்பு, பெரிய உருவம் என்பதுதான் இந்த நெசவின் போக்கு. அதற்கு நெருக்கமான முடிச்சு தேவைப்படவில்லை.

பிற்கால ஏற்றுமதி விரிப்புகளில் ‘90 லைன்’ என்ற பேச்சு வரும். ஒரு அடி அகலத்தில் 90 முடிச்சு என்று பொருள், அங்குலத்துக்கு ஏழரை. இது தொழிற்கூடக் கணக்கு. விற்பவர் தன் விரிப்பை லைன் கணக்கில் சொன்னால், அது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு ஏற்றுமதிச் சரக்காகத்தான் இருக்கும்.

முடிச்சு வகையையும் பார்த்துவிடுங்கள். ஊடை வரிசையை ஒட்டி விரிப்பை மெல்ல மடித்து, முடிச்சின் அடியைக் கவனியுங்கள். நூல் ஒரு பாவை முழுதாகச் சுற்றி, அடுத்த பாவின் பின்னால் வெறுமனே போய் வெளியே வந்தால் அது சீன விரிப்புகளில் வழக்கமான சமச்சீரற்ற முடிச்சு. திபெத்திய முறை வேறு: ஒரு கோலின்மேல் நூலைத் தொடர்ந்து சுற்றிக்கொண்டே போய், வரிசை முடிந்ததும் வெட்டுவார்கள். சீனப் பூவும் டிராகனும் இருக்கிற எத்தனையோ விரிப்புகள் திபெத்தில் நெய்தவை. அதைக் காட்டிக்கொடுப்பது இந்த இடம்தான்.

ஒரு வரிசை முடிச்சுக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் எத்தனை ஊடை என்றும் எண்ணுங்கள். சீன விரிப்பில் வழக்கமாக இரண்டு. மூன்று இருந்து, நீளவாக்கில் மூன்று வட்டங்களோ, குடுவையிலிருந்து கிளம்பும் மாதுளைக் கொடியோ இருந்தால் சின்ஜியாங்கின் கோதான் பக்கம் யோசியுங்கள்.

3. நுனி சாயும் திசை

முன்பக்கம் திருப்பி, பூனையைத் தடவுவது போல நீளவாக்கில் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் கை தடைபடும். வழுக்கும் திசை போய்ச் சேரும் தலைப்பில்தான் நெசவு தொடங்கியது.

இதைக் குறித்து வைக்கக் காரணம் இருக்கிறது. சேணவிரிப்புகளை இரண்டு பாதியாக நெய்து நடுவில் தைப்பார்கள், அப்போதுதான் குதிரையின் இரு பக்கமும் நுனி கீழ்நோக்கிச் சாயும். நடுத் தையலுக்கு இருபுறமும் நுனி எதிரெதிராகச் சாய்ந்தால் அது அப்படி நெய்ததே. ‘கிழிந்து ஒட்டுப்போட்டது’ என்று நினைத்து அதை விலை குறைத்துப் பேசுபவர்கள் உண்டு.

4. எந்த இடத்துக்காக நெய்தது

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். விரிப்பின் வடிவமும் அளவும் அது கிடந்த இடத்தைச் சொல்லும். இடம் தெரிந்தால் அலங்காரம் ஏன் அப்படி அமைந்தது என்பது பாதி புரிந்துவிடும்.

தூண்விரிப்பு: நெட்டையாக, குறுகலாக இருக்கும். இடது வலது ஓரங்களில் கரை இருக்காது. கீழே மலையும் அலையும், நடுவில் டிராகன், மேலே சிங்கமுகங்களும் மணித்தோரணமும் இருப்பது வழக்கம். தட்டையாக விரித்தால் டிராகனின் உடல் துண்டு துண்டாக ஓரத்தில் போய் முட்டி நிற்கும். மடத்துத் தூணைச் சுற்றிக் கட்டும்போது இரண்டு ஓரமும் சேர்ந்து உடல் முழுமையாகிவிடும். அதனால் தூண்விரிப்பைப் பார்த்தால் இரண்டு ஓரத்தையும் குழல் போலச் சேர்த்துப் பாருங்கள். செதிலும் மேகமும் கோடு தவறாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஓரத்தை யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

மடத்து இருக்கை விரிப்பு: நீளமான ஓடுவிரிப்பில் ஒரே அளவுச் சதுரங்கள் வரிசையாக இருக்கும், ஒரு சதுரத்தில் ஒரு துறவி உட்காருவார். இவற்றைத் துண்டு போட்டுத் தனித்தனி ஆசனமாக விற்பது பழைய பழக்கம். உதாரணத்துக்கு, நடுவில் தாமரை வட்டம் வைத்த இரண்டரை அடிச் சதுரம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இடமும் வலமும் நீலக் கரை இருக்கிறது, ஊடை திரும்பி வந்த பழைய ஓரமும் சேதமில்லாமல் இருக்கிறது. மேலும் கீழும் கரையே இல்லை. அங்கே பாவு நூல் சமீபத்தில் வெட்டிப் புதிய நூலால் கட்டிய மாதிரி இருக்கிறது. இதை முழு ஆசனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓடுவிரிப்பிலிருந்து வெட்டிய ஒரு கட்டம் அது. அழகில் குறையில்லை, ஆனால் பெயரும் விலையும் வேறு.

காங் விரிப்பு: வட சீன வீடுகளில் அடியில் சூடேற்றும் செங்கல் மேடைக்குக் காங் என்று பெயர். உட்காருவதும் தூங்குவதும் அதன்மேல்தான். அதில் போட்ட விரிப்புகள் மேடைக்கு ஏற்ற செவ்வகமாக இருக்கும். செருப்புக் கால் படாததால் இவற்றின் தேய்மானம் தரைவிரிப்பைவிடச் சீராக இருக்கும்.

நாற்காலி விரிப்பு: இருக்கைக்கு ஒரு சதுரம், சாய்வுக்கு ஒன்று. சாய்வுத் துண்டின் மேல்விளிம்பு வளைவாக இருக்கும். இரண்டும் சேர்ந்தே நெய்ததும் உண்டு, பிற்பாடு பிரித்ததும் உண்டு.

வரவேற்பறை முழுவதையும் நிரப்பும் பெரிய அளவில் இருந்தால், அது பெரும்பாலும் மேல்நாட்டு வீடுகளை மனதில் வைத்து 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும் பெய்ஜிங்கிலும் தியான்ஜினிலும் நெய்ததாக இருக்கும்.

5. ‘மங்கோலிய’ என்று எழுதியிருந்தால்

இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். மங்கோலியரின் கெர் கூடாரத்தில் விரிப்பு என்றால் அது மரபாக ‘ஃபெல்ட்’ என்ற நெய்யாத கம்பளி விரிப்புதான்: ஈரக் கம்பளியைச் சுருட்டி உருட்டி இறுக்கிய தடித்த துணி. அதில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை, முடிச்சும் இல்லை. பல அடுக்கு வைத்து ஒட்டக ரோம நூலால் நெருக்கமாகத் தைத்ததை ஷிர்தெக் என்கிறார்கள். அதில் அலங்காரமே தையல்தான். உல்சீ என்ற முடிவிலா முடிச்சு, அல்ஹன் ஹே என்ற கோண வளைவுத் தொடர், கொம்பு போலச் சுருளும் உகல்ஸ் ஆகியவை அடிக்கடி வரும்.

சந்தையில் ‘மங்கோலிய விரிப்பு’ என்று வரும் முடிச்சு விரிப்புகள் பெரும்பாலும் நிங்சியா, கான்சு, பாவ்தோ, அதைச் சுற்றிய உள் மங்கோலியப் பகுதிகளில் நெய்தவை. வாங்கியவர்களில் மங்கோலிய மடங்களும் பிரபுக்களும் உண்டு. அதனால் பெயர்ச்சீட்டைப் படித்ததும் ‘மங்கோலியாவில் நெய்தது’ என்று எழுதாதீர்கள். இரண்டாம் படியில் பின்பக்கம் சொன்னதை நம்புங்கள்.

6. நிறத்தை அடியிலிருந்து படியுங்கள்

நுனியை விரலால் பிளந்து முடிச்சின் கழுத்து வரை பாருங்கள். பின்பக்க நிறத்தோடு ஒப்பிடுங்கள். இன்று நாம் பார்க்கும் நிறம் பல சமயம் நெய்தவர் வைத்த நிறமே இல்லை. மிங் அரச மரபின் காலத்து (1368–1644) அரண்மனை விரிப்புகள் சில இப்போது பொன் மஞ்சளாகத் தெரிகின்றன, அவற்றின் தரை முதலில் சிவப்பு. நம் ஊரில் பதிமுகம் என்று தண்ணீரில் போடுகிறோமே, அந்த மரச் சாயம் வெளிச்சத்தில் நிற்காது. அடியை மட்டும் பார்த்திருந்தால் தெரிந்துவிடும்.

இலைகள் நீலமாக இருந்தால் நெய்தவர் நீல இலை நெய்தார் என்று எழுதிவிடாதீர்கள். அவுரியின்மேல் மஞ்சள் ஏற்றித்தான் பச்சை வரும். மஞ்சள் வெளுத்துப் போனால் அவுரி மட்டும் மிஞ்சும்.

கரும்பழுப்புக் கோடுகள் பள்ளமாக இருந்தால் தொட்டுப் பாருங்கள். இரும்பு சேர்த்த கருஞ்சாயம் கம்பளியை அரிக்கும். கால் படாத மூலைகளிலும் அந்த நிறம் மட்டும் அரித்திருந்தால் அது இயற்கையான அரிப்பு. கத்தரித்துப் போலியாகச் செய்தால் வெட்டு ஒரே உயரத்தில், நேராக இருக்கும்.

நுனி வெளிறி, அடியும் பின்பக்கமும் பளிச்சென்று இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: வெளிச்சம் பட்டு மங்கும் சாயம், அல்லது பழசாகக் காட்ட ரசாயனத்தில் அலசியது. அலசலில் பெரும்பாலும் எல்லா நிறமும் சேர்ந்தே இறங்கும். வெளிச்சத்தில் சாயத்துக்குச் சாயம் வேறுபடும்.

ஈரத்துணிச் சோதனைக்கு உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். ஓரத்தில் மெல்ல ஒற்றினால் போதும். சிவப்போ ஊதாவோ துணியில் ஏறினால் செயற்கைச் சாயமா என்று சந்தேகப்படலாம், அதோடு இந்த விரிப்பைத் தண்ணீரில் அலசக் கூடாது என்பதும் உறுதி. செயற்கைச் சாயம் 1856இல்தான் பிறந்தது, சீன நெசவுக் கூடங்களுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஆனால் ஒரு இழையை வைத்து முழு விரிப்புக்கும் வயது சொல்லாதீர்கள், அது பிற்பாடு ஒட்டுப்போட்ட இடமாக இருக்கலாம்.

7. கரையும் தரையும்

சின்னங்களுக்கு முன்னால் கட்டமைப்பு. நடுவில் ஒரு வட்டமா, நான்கு மூலையிலும் கால் வட்டமா, ஐந்து வட்டமா, தரை முழுக்கச் சங்கிலி போன்ற பின்னலா? வரைந்து கொள்ளுங்கள், எவ்வளவு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. கையால் வரைந்தால்தான் எந்தக் கரை மூலையில் எப்படித் திரும்புகிறது என்று கவனிப்பீர்கள்.

அடிக்கடி பார்க்கும் கரைகள்: கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த முத்துக்கரை, ஆங்கில ‘T’ வடிவக் கரை, கோண வளைவுத் தொடர், சுவஸ்திகப் பின்னல், வெளிச்சுற்றில் வெறும் ஒரே நிறப் பட்டை. அந்த ஒற்றைப் பட்டைதான் முதலில் தேயும், முதலில் வெட்டுவதும் அதையே. நான்கு பக்கமும் அதன் அகலத்தை அளந்து எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் பாதியாக இருந்தால் ஓரம் போயிருக்கிறது.

8. இப்போது சின்னங்கள்

நம்மவர்கள் செய்யும் தவறிலிருந்து தொடங்குகிறேன். சுவஸ்திகத்தைப் பார்த்ததும் இந்தியத் தொடர்பு என்று சொல்லிவிடுவார்கள். சீனத்தில் அதை ‘வான்’ என்று படிப்பார்கள், பத்தாயிரம், அதாவது எண்ணற்றது என்று பொருள். அவை ஒன்றோடொன்று கைகோத்துத் தரை முழுக்க ஓடினால் ‘முடிவில்லாமல்’ என்ற வாழ்த்து. பௌத்தம் வழியாக வந்த குறிதான், ஆனால் விரிப்பில் அது வாழ்த்துச் சொல்லாக வேலை செய்கிறது.

சின்னங்களைத் தனித்தனியாக அகராதி பார்த்துப் பொருள் எழுதுவது அடுத்த தவறு. சீன அலங்காரம் பல இடங்களில் ஒலியை வைத்து விளையாடுகிறது, சேர்த்துப் படித்தால்தான் வாசகம் வரும். வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒரே ஒலி, ‘ஃபு’. நடுவில் நீண்ட ஆயுளைக் குறிக்கும் வட்டமான ‘ஷோ’ எழுத்து, சுற்றி ஐந்து வௌவால் என்றால் ஐந்து நற்பேறுகளும் நீள் ஆயுளைத் தாங்கி நிற்கின்றன என்று படிக்க வேண்டும். பிறந்தநாள் பரிசுக்கு ஏற்ற வாசகம். வௌவாலைப் பட்டாம்பூச்சி என்று எழுதிய விற்பனைக் குறிப்புகள் ஏராளம். சிறகின் நுனி உள்பக்கம் சுருண்டு, காது போல இரு முனை இருந்தால் அது வௌவால்.

பிறகு தொகுதிகளைத் தேடுங்கள், எட்டும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். பௌத்த மங்கலப் பொருள்கள் எட்டு: சக்கரம், சங்கு, குடை, வெற்றிக்கொடி, தாமரை, கலசம், இணைமீன், முடிவிலா முடிச்சு. தாவோ மரபின் எட்டு அமரர்களுக்கான கருவிகள்: விசிறி, வாள், சுரைக்குடுக்கை, தாளக்கட்டை, பூக்கூடை, மூங்கில் பறை, புல்லாங்குழல், தாமரை. இரண்டிலும் தாமரை இருப்பதால் தாமரையை வைத்து முடிவெடுக்க முடியாது, வாளோ சங்கோ இருக்கிறதா என்று பாருங்கள். மடத்துக்கு நெய்ததில் பௌத்தத் தொகுதி இயல்பு. வீட்டுக்கு நெய்ததில் இரண்டும் கலந்து வரும், கூடவே பீச், மாதுளை, விரல் விரித்த புத்தர்கை நாரத்தை என்ற மூன்று பழங்களும் வரும்: ஆயுள், பிள்ளைகள், நற்பேறு. யாழ், வெய்ச்சி (கோ) என்ற காய் ஆட்டத்தின் பலகை, புத்தகம், ஓவியச் சுருள் நான்கும் சேர்ந்தால் படித்தவர் வீட்டு அலங்காரம்.

டிராகனுக்கு வருவோம். ஐந்து நகம் இருந்தால் பேரரசருக்கு நெய்தது என்ற பேச்சை இனிமேல் நிறைய கேட்பீர்கள். அரசவை உடையில் அந்த விதிக்கு அர்த்தம் இருந்தது. மடத்துத் தூண்விரிப்புகளிலும் ஏற்றுமதிச் சரக்கிலும் ஐந்து நக டிராகன் சாதாரணமாக வரும். நகத்தை எண்ணுங்கள், குறித்து வையுங்கள், அதை வைத்து அரண்மனைக்குப் போகாதீர்கள். அதேபோல, பட்டும் உலோக இழையும் கலந்து நெய்து, மேல் விளிம்பில் அரண்மனை மண்டபப் பெயர் பொறித்த விரிப்புகள் உண்டு. அந்த எழுத்தே சான்றாகிவிடாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் பிறகும் விற்பனைக்கென்று அப்படி நிறைய நெய்தார்கள்.

9. செதுக்கல், தேய்மானம், ஒட்டு

உருவத்தின் ஓரமாக நுனியைக் கத்தரித்துப் பள்ளம் எடுப்பதைச் செதுக்கல் என்கிறோம். பழையவற்றில் அது இருந்தாலும் லேசாகத்தான் இருக்கும். பூ தனியாகத் தூக்கி நிற்கும் ஆழமான செதுக்கல், தடித்த கம்பளி, வழவழப்பான பளபளப்பு மூன்றும் சேர்ந்தால் 20ஆம் நூற்றாண்டு ஏற்றுமதி விரிப்பு.

தேய்மானம் ஓரிடத்தில் கூட, ஓரிடத்தில் குறைய இருப்பதே இயல்பு. தரை முழுக்க ஒரே அளவு மழித்தது போல இருந்தால் இயந்திரத்தால் மழித்திருக்கிறார்கள். விரிப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒட்டுப்போட்ட இடம் அடர்த்தி மாறித் தெரியும். மையோ சாயமோ பூசி வெளிறலை மறைத்திருந்தால் பின்பக்கத்தில் அந்த நிறம் இருக்காது.

10. ஊரும் காலமும்

இதுவரை எழுதியதை ஒருமுறை படித்துவிட்டுத்தான் ஊர்ப்பெயர் எழுதுங்கள். தளர்ந்த நெசவு, மென்மையான கம்பளி, பாதாமி அல்லது மஞ்சள் தரை, மடத்து வடிவம் என்றால் நிங்சியா பக்கம். சிறிய அளவு, அதைவிட இறுக்கமான நெசவு, நீலம் மிகுந்து மான், மரம், மலை என்று காட்சிப்படம் இருந்தால் பாவ்தோ. பெய்ஜிங்கிலிருந்து ரயில் பாவ்தோவுக்கு வந்தது 1923இல். ‘சுய்யுவான்’ என்று எழுதியிருந்தாலும் அதே பகுதிதான், 1928 முதல் 1954 வரை அது ஒரு மாகாணத்தின் பெயர். பெரிய அளவு, நீலமும் வெள்ளையும் என்றால் பெய்ஜிங். ஊதா, மரகதம், ஒயின் சிவப்பு என்று அழுத்தமான நிறங்கள், கரையே இல்லாமல் ஒரு மூலையில் மட்டும் பூங்கொத்து என்றால் 1920, 1930களின் தியான்ஜின். வால்ட்டர் நிக்கல்ஸ் என்ற அமெரிக்கர் அங்கே நடத்திய கூடத்தின் விரிப்புகள் சிலவற்றில் முத்திரையே இருக்கும், தலைப்பின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

‘காங்சி காலம்’, ‘சியென்லுங் காலம்’ என்று விற்பவர்கள் தாராளமாக எழுதுவார்கள். முன்னவர் ஆட்சி 1722இல் முடிந்தது, பின்னவர் ஆட்சி 1735இல் தொடங்கி 1796 வரை. ஒரே ஆட்சிக்குள் ஒரு விரிப்பை நிறுத்தப் பின்னணிச் சான்று வேண்டும். இல்லாவிட்டால் நூற்றாண்டு அளவில் எழுதுவதே நேர்மை.

சீனாவிலேயே வாங்குவதாக இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 1911க்கு முன் செய்த கலைப்பொருள்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அங்கே தடை இருக்கிறது. “பழசு, ஆனால் கொண்டுபோகலாம்” என்று விற்பவர் சொன்னால், இரண்டில் ஒன்று பொய்.

கடைசியாகப் பெயர்ச்சீட்டு. அளவு, பாவு, ஊடை, முடிச்சு எண்ணிக்கை, நுனித் திசை, வடிவம், நிறம், கரை, சின்னங்கள், ஒட்டு, இந்த வரிசையிலேயே எழுதுங்கள். அதற்குக் கீழே ஊரும் காலமும், ‘இருக்கலாம்’ என்ற சொல்லோடு, எந்தப் படியில் பார்த்தது அந்த முடிவைத் தந்தது என்ற ஒரு வரியோடு. பின்னால் வேறு யாராவது பார்த்து ஊரை மாற்றினாலும் மேலே உள்ள பத்தும் அப்படியே பயன்படும். சீட்டை விரிப்பில் ஒட்டாதீர்கள், பின்பக்க மூலையில் பருத்தி நூலால் தளர்வாகத் தைத்துவிடுங்கள்.